பொடியின் மேல் விழுந்த பழி

"வேற என்ன சாப்புடுறீங்க?"

அந்த ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் கிடையாது. பெரிய டாக்டர் கேட்டார். அவர் பின்னால் நோட்டோடு வந்த மாணவர்கள் கேட்டார்கள். சாப்பாட்டுப் பட்டியல் எழுதித் தரும் பெண் கேட்டாள். ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு மூலிகைப் பொடியைப் பற்றிச் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் பாதி பொய். அதனால் என் உயிருக்கு வந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு மனிதருக்கு என்ன வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்கள், அதிலும் கிட்னியைக் காப்பாற்ற மூலிகை சாப்பிடுகிறவர்கள், இதைப் படித்தால் நல்லது.

என் பெயர் கொளஞ்சி. விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். களிமண் கூழை அச்சில் ஊற்றி, இறுகியதும் பொம்மையை எடுப்பார்கள். அச்சு சேரும் இடத்தில் பொம்மையின் மேல் ஒரு வரம்பு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சரிசெய்வது என் வேலை. சூளைக்குப் போகாத அந்தப் பொம்மையைப் பச்சை என்போம். பச்சை என்றாலும் நிறம் வெள்ளைதான். தொட்டால் ஜில்லென்றிருக்கும். வீட்டுக்காரர் ராமலிங்கத்துக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை, கரும்பு டிராக்டர்களை எடை போடும் இடத்தில். ஒரே பையன் திருப்பூரில் இருக்கிறான்.

எனக்கு முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். ஆறேழு வருஷம் கழித்துக் கால் வீங்கியது. சிறுநீர் போனால் சோப்பு கரைத்த மாதிரி நுரை நின்றது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு "உப்பு போவுதும்மா" என்றார்கள். நம் ஊரில் எல்லாவற்றையும் உப்பு என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அப்படிப் போவது புரதம். ரத்தத்தை வடிகட்டும் கிட்னியின் சல்லடையில் சர்க்கரை ஓட்டை போட்டுவிட்டால், தங்க வேண்டிய புரதம் வெளியே போய்விடும். போக வேண்டிய கழிவு உள்ளே தங்கிவிடும். அந்தக் கழிவில் ஒன்றைத்தான் கிரியாட்டினின் என்று ரத்தத்தில் அளந்து பார்க்கிறார்கள். எனக்கு அது ஏற ஆரம்பித்திருந்தது.

என்னைவிட அதிகமாகப் பயந்தவர் என் வீட்டுக்காரர். அவரோடு எடை மேடையில் வேலை பார்த்த ஒருவர் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவதை ஒரு வருஷம் அருகிலிருந்து பார்த்தவர் அவர். "அந்த மிஷினு வரைக்கும் உன்ன விடமாட்டேன்" என்றார். மறுநாளே எங்கள் மாவட்டத்திலேயே உள்ள மங்களூர்ப் பக்கம் இருக்கும் தேவராசுவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

தேவராசு மூலிகை வைத்தியர். இவரோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் படித்தவர். வாடா போடா என்று பேசிக்கொள்வார்கள். அவர் வீட்டில் சாக்கு விரித்து சிறுகண்பீளை, நெருஞ்சில், மூக்கிரட்டை எல்லாம் நிழலில் காயப் போட்டிருந்தது. நாடி பார்த்துவிட்டு ஒரு பொடி கொடுத்தார். காலையிலும் மாலையிலும் கஷாயமாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

"இது கிட்னியக் காக்குற பொடிதான், தங்கச்சி. கெட்டுப்போனத திருப்பிக் கொண்டாந்து குடுக்குற பொடி இல்ல. இங்கிலீஷ் மருந்த நிறுத்தவே கூடாது, தெரியுதுங்களா?" என்றார்.

நிறுத்தவில்லை. பொடியையும் விடவில்லை. ஒரு மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. தினமும் அவரே விடிகாலையில் கஷாயம் காய்ச்சி, ஆற்றி, வடிகட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

அந்த நல்ல நாட்களில்தான் மற்றது தொடங்கியது.

ஒரு நாள் பொம்மை சீவிக்கொண்டிருந்தேன். ஈர மண் வாசனை பதினெட்டு வருஷமாக மூக்கில் இருப்பதுதான். அன்றைக்கு அது நாக்கில் வந்தது. நாக்கின் இரண்டு ஓரமும் உள்ளே இழுத்துக்கொண்டன. சீவி விழுந்த ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டேன். போட்டபின்தான் போட்டது தெரிந்தது. பசியில்லை, தாகமில்லை, ஆசை என்றும் சொல்ல முடியாது. யாரோ கையைப் பிடித்துக் கொண்டுபோய் வாயில் வைத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் தின்றேன். முதலில் துணுக்கு. பிறகு உடைந்த பொம்மையின் விரல், காது. டிபன் டப்பாவில் வீட்டுக்கும் கொண்டுபோனேன். என் பலகையில் வரிசையாக வைத்திருந்த முயல்களில் இரண்டுக்குக் காது இல்லை என்று ஒரு நாள் மேஸ்திரி சத்தம் போட்டார். எலி கடித்திருக்கும் என்றாள் பக்கத்தில் வேலை செய்யும் ராணி. நானும் அந்த எலியைத் திட்டினேன். திட்டும்போது உண்மையாகவே எலி மேல்தான் கோபம் வந்தது. அந்தக் காதுகளைத் தின்றது எனக்கு நினைவில்லை.

பொடி ஆரம்பித்த எட்டாம் மாதம், மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது எழுந்திருக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. இரண்டு காலும் சூளையில் வைத்த செங்கல் மாதிரி கனத்தன. நெஞ்சு ஒரு தடவை அடித்துவிட்டு, அடுத்த அடிக்கு யோசித்தது. ராணி அலறியது தூரத்தில் கேட்டது.

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுக்கு வரைபடம் எடுத்த டாக்டர், "பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு, உடனே பாண்டிச்சேரி கொண்டு போங்க" என்றார். பொட்டாசியம் காயிலும் பழத்திலும் கீரையிலும் இருக்கும் சத்து. கிட்னி நன்றாக இருந்தால் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். கிட்னி தளர்ந்தவர்களுக்கு அது ரத்தத்திலேயே தேங்கி, சொல்லாமல் கொள்ளாமல் நெஞ்சை நிறுத்திவிடும். சர்க்கரைக்காரியான எனக்கே குளுக்கோஸ் ஏற்றி, கூடவே இன்சுலினும் போட்டார்கள். அது பொட்டாசியத்தைக் கொஞ்ச நேரம் ரத்தத்திலிருந்து ஒதுக்கி வைக்குமாம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு வாடகை வேனில் என்னைப் படுக்க வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தார். வழி முழுக்க என் கட்டைவிரலைப் பிடித்திருந்தார். விட்டால் நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். எந்த மிஷினுக்குப் பயந்து பொடி வாங்கினாரோ, அந்த மிஷின் பக்கத்திலேயே அவர் நின்றார். வலி பெரிதாக இல்லை. நம் ரத்தம் நம் கண்ணெதிரே ஒரு குழாயில் வெளியே போய், இன்னொரு குழாயில் குளிர்ந்து திரும்பி வருகிறது. நான்கு மணி நேரம். குளிரில் பல் தந்தியடித்தது.

முதல் நாள் மாலையே டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். வீட்டுக்காரர் பையிலிருந்து பொடிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் வயதில் சின்னவர். அதைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"இந்தச் செடியிலெல்லாம் ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லலங்க. சர்க்கரைக்காரங்க கிட்னிய காப்பாத்துமான்னு பல இடத்துல எலிக்குக் குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு இதுலேருந்தே நல்ல மருந்து வரலாம். ஆனா நல்லாயிருக்குற கிட்னிக்குக் குடுக்குறது வேற, தளந்துபோன கிட்னிக்குக் குடுக்குறது வேற. செடியக் காய்ச்சினா அதுல இருக்குற பொட்டாசியம் பூரா தண்ணில எறங்கிடும். அத வெளிய தள்ள இவங்களால முடியல."

வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான்தாங்க காய்ச்சிக் குடுத்தேன். தெனமும் என் கையாலதான்" என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மண் தின்பது நெஞ்சை எதுவும் செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெட்கம் இருந்தது. நாற்பத்தாறு வயதுப் பெண் மண் தின்கிறாள் என்று அந்த மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்களே என்ற வெட்கம்.

இரண்டு தடவை டயாலிசிஸ் செய்ததும் பொட்டாசியம் இறங்கியது. என்னைப் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஆரோக்கியமேரி என்று ஓர் அக்கா. பெண்ணாடத்துக்காரர். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் கிட்னி. கழிவு மூளைக்கு ஏறியிருந்ததால் சில நேரம் தெளிவாகப் பேசுவார், சில நேரம் செத்துப்போன மாமியாரோடு பேசுவார். அவர் மகள் ஸ்டெல்லா கூட இருந்தாள்.

அந்த வார்டில் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். பினாயில் போட்டுத் தரை துடைப்பார்கள். பிறகு ஒரு சத்தம் இருக்காது. நர்ஸ் கோடியில் எழுதிக்கொண்டிருப்பார். வெயில் கட்டில் கட்டிலாக நகரும். அந்தப் பினாயில் வாசனைக்குக் கீழே இன்னொரு வாசனை எனக்கு வந்தது. அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த பச்சைப் பொம்மையின் வாசனை. விருத்தாசலம் அங்கிருந்து எவ்வளவு தூரம். ஆனாலும் மூன்று மதியம் தொடர்ந்து வந்தது.

நான்காம் நாள் ராணி பார்க்க வந்தாள். வருவதற்கு முன் போனில் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாள். அப்போது எங்கள் வீட்டில் செல்போன் வந்த புதிது. "பக்கத்துக் கட்டில்ல ஒரு சின்னப் புள்ள இருக்குதுடி. விளையாட ஒரு பொம்மை எடுத்துட்டு வா. பச்சையாவே எடுத்துட்டு வா" என்றேன். அப்படி எந்தக் குழந்தையும் இல்லை. ஏன் வேகாத பொம்மை என்று ராணி கேட்கவில்லை. செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தாள். இடுப்பில் குடம் வைத்திருக்கும் ஒரு பெண். அதைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

முதலில் குடம் போயிற்று. அடுத்த மதியம் குடத்தைப் பிடித்திருந்த கை. அதற்கடுத்து பாதங்கள். எப்போது தின்றேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நர்ஸ் தலை குனிந்து எழுதுவதும், மின்விசிறி சுற்றுவதும் நினைவிருக்கிறது. பிறகு நான்கு மணி, வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கோடு வருவது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. தலையணைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தால் பொம்மை குட்டையாகியிருக்கும்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகைக்கு ஒரு சின்ன அறை எடுத்திருந்தார். காயைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கத்தி பிடித்து அறியாத மனிதர். புடலங்காயை அவ்வளவு சன்னமாக நறுக்கிக்கொண்டு வருவார். உப்பில்லாத அந்தச் சாப்பாட்டை எனக்கு முன்னால் அவரும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவார்.

ஐந்தாறு நாளில் பொட்டாசியம் மறுபடி ஏறியது. ரத்தச் சோகையும் கூடியிருந்தது. டாக்டருக்குப் பிடிபடவில்லை. "பொடி இன்னும் குடுக்குறீங்களா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். இல்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நர்ஸ் எல்லார் முன்னாலும் அவர் பையைக் கொட்டிப் பார்த்தார். ஒரு வேட்டி, ஒரு சீப்பு, நறுக்கின காய் வைத்திருந்த டப்பா. அதை அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து உள்ளே வைத்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மேரியக்கா தெளிவாக இருந்தார். என்னைக் கிட்டே வரச் சொல்லி மெதுவாகச் சொன்னார்.

"மதியானத்துல ஒன் கட்டிலுக்கு ஒரு பொம்பள வராளே, அவ யாரு?"

"யாரும் வரலீங்களே அக்கா. அப்ப யாரையும் உள்ள விடமாட்டாங்களே."

"தெனமும் வராம்மா. வாயெல்லாம் வெள்ளை. கன்னத்துல எல்லாம் வெள்ளை. ஒரு புள்ளைய மடியில வச்சிக்கிட்டுக் கடிச்சிக் கடிச்சித் திங்குறா. நான் கண்ண மூடிக்குவேன். நீ பயந்துடப் போறேன்னு இத்தினி நாளும் சொல்லல."

சத்தியமாகச் சொல்கிறேன், அது நானாக இருக்கும் என்று அந்த நிமிஷம் தோன்றவில்லை. நான் தூங்கும்போது என் கட்டிலில் யாரோ வந்து உட்காருகிறாள் என்றுதான் பயந்தேன். நர்ஸிடம் சொன்னேன். "அவங்களுக்கு அப்படித்தான் தோணும், மூளைக்கு ஏறியிருக்கு" என்றார். ஸ்டெல்லா ஒரு ஜெபமாலையை எடுத்து என் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டாள்.

எனக்கு வயிறு உப்பிக் கல்லாகிவிட்டிருந்தது. நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்புக்கு நடுவே, குடல் வளைந்து போகும் வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். தூறல் விழுந்து அப்படியே நின்றுவிட்ட மாதிரி.

"கீரை தழை இப்படித் தெரியாது. உலோகம் மாதிரி கனமான பொருள்தான் இப்படித் தெரியும். அந்தப் பொடியில பற்பம், செந்தூரம் ஏதோ கலந்திருக்காருன்னு நெனைக்கிறேன்" என்றார் டாக்டர். பற்பம் என்றால் உலோகத்தைப் புடம் போட்டு எடுக்கும் சாம்பல்.

வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் மதியம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"கேட்டுட்டு வந்துட்டேன். எலை வேரத் தவுர ஒண்ணுமே போடலன்னு சாதிக்கிறான். என் முன்னாலயே ஒரு கை அள்ளித் தின்னான். கூடப் படிச்சவன்னு பாத்தா என் குடும்பத்தையே கெடுக்கப் பாத்தான். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். கொண்டாந்து ஒக்கார வச்சிருக்காங்க."

மணி ஒன்றாகிவிட்டதால் அவரை வெளியே அனுப்பினார்கள். தரை துடைத்தார்கள். வார்டு அடங்கியது.

அன்றைக்கு நான் படுக்கவில்லை. தேவராசு எங்கள் பையனுக்குக் காமாலை வந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்ட மனிதர். ஸ்டேஷன் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை வந்தது. நான் அழுதுகொண்டிருந்ததாகத்தான் எனக்கு நினைவு. சாப்பிட்ட எவர்சில்வர் தட்டு பக்கத்து மேஜையில் சாய்த்து வைத்திருந்தது. ஏதோ அசைவதாகத் தோன்றி அதைப் பார்த்தேன். தட்டுக்குள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் வெள்ளை. கன்னம் வரைக்கும் வெள்ளை. தாடை மென்றுகொண்டிருந்தது. மடியில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு சின்னப் பெண்.

கத்தவில்லை. கத்தினால் அவள் என்னைப் பார்த்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. அவள்தான் நான் என்று புரிய எவ்வளவு நேரம் ஆயிற்றோ. புரிந்த பிறகும் என் வாய் மெல்லுவதை நிறுத்த முடியவில்லை. கையால் தாடையைப் பிடித்து நிறுத்தினேன்.

நான்கு மணிக்கு வீட்டுக்காரர் வந்தபோது முகத்தைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மிச்சமிருந்த பொம்மையை அவர் கையில் கொடுத்தேன்.

"ஏங்க, தேவராசண்ணன் மேல தப்பில்லீங்க. படத்துல தெரிஞ்சது இது."

அவர் பொம்மையைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். "எத்தினி நாளா?" என்றார்.

"ஆறு மாசமா."

"என் பையக் கொட்டுனப்பகூட நீ சொல்லல."

அவர் பொம்மையை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் போன் பண்ண வெளியே போனார்.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது உங்க கெட்ட பழக்கம் இல்லம்மா. கிட்னிதான் எலும்புக்கு ரத்தம் ஊறச் சொல்லி உத்தரவு போடும். கிட்னி தளந்தா ரத்தம் கொறையும். உடம்புல இரும்புச் சத்தும் கொறைஞ்சிட்டா சில பேருக்கு மண்ணு, சாம்பல், ஐஸ்கட்டி இதையெல்லாம் திங்கணும்னு வந்துரும். மண்ணு உள்ள போயி, இருக்குற இரும்பையும் புடிச்சிக்கும். ரத்தம் இன்னும் கொறையும், இன்னும் மண்ணு கேக்கும். கொடலும் அடைச்சிக்கிச்சு. கிட்னி செய்ய முடியாத வேலைய கொஞ்சம் கொடல் செய்யும், அதுவும் நின்னு போனதும் பொட்டாசியம் ஏறிடுச்சு."

"அப்ப பொடியில ஒண்ணும் இல்லீங்களா?"

"மொத தடவ ஏறினதுல பொடிக்கும் பங்கு இருக்கலாம். மண்ணு மட்டுமே போதும்னும் சொல்லலாம். எது எவ்வளவுன்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா பற்பம்னு நான் சொன்னது தப்பு. அந்த வைத்தியர் கிட்ட நான் இப்படிச் சொன்னேன்னு சொல்லிடுங்க."

குடலைச் சுத்தம் செய்தார்கள். இன்னும் மூன்று டயாலிசிஸ். இரும்புச் சத்து நரம்பில் ஏற்றினார்கள், ரத்தம் ஊற ஊசியும் போட்டார்கள். பத்து நாளில் ஒரு காலை கண் விழித்தபோது பினாயில் வெறும் பினாயிலாக இருந்தது. கிட்னியும் முழுசாக இல்லாவிட்டாலும் பாதிக்கு எழுந்து உட்கார்ந்தது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள்.

கிளம்புவதற்கு முன் மேரியக்காவிடம் போய், "அக்கா, மதியானத்துல வந்தது நான்தாங்க. மண்ணு தின்னேன். பயப்படாதீங்க" என்றேன்.

அவர் என் கையைத் தடவிக்கொடுத்தார். அன்றைக்கு அவர் தெளிவாகத்தான் இருந்தார். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"நீ இல்ல, கொளஞ்சி. நீ படுத்திருந்த. நான் பாத்தேனே. அவ ஒன் கால்மாட்டுல ஒக்காந்திருந்தா."

அடுத்த வாரம் அவர் தவறிவிட்டார் என்று ஸ்டெல்லா போனில் சொன்னாள். அந்தப் பேச்சுக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் மூளைக்குக் கழிவு ஏறியிருந்தது என்று டாக்டர் சொன்னதே பதிலாக இருக்கலாம். சில மதியங்களில் அந்தப் பதில் போதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேலையை விட்டேன். வீட்டுக்காரர் வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார், காய் நறுக்கினார், ஆனால் தேவையானதைத் தவிர என்னோடு பேசவில்லை. தேவராசுவைப் போய்ப் பார்க்கலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் "பாக்கலாம்" என்பார். ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க வைத்திருந்துவிட்டு அவரை அனுப்பியிருந்தார்கள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஆனால் விஷப் பொடி வைத்தியர் என்ற பேச்சு அதற்குள் பஸ்ஸேறி நாலு ஊருக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க வழியில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே புடவை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னாலேயே வண்டியில் வந்து, "ஏறு" என்றார்.

தேவராசு வீட்டின் முன்கதவில் கீழ்ப்பாதிப் பலகை உடைந்து போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு எண்ணெய் டின் தகரத்தை வெட்டி ஆணி அடித்திருந்தார்கள். நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வண்டியை நிறுத்துகிற சாக்கில் வேறெங்கோ பார்த்தார். கேட்டுட்டு வந்துட்டேன் என்று அன்றைக்குச் சொன்னாரே, எப்படிக் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

தேவராசு இளைத்திருந்தார். சாக்கு ஒன்றுதான் விரித்திருந்தது. வாங்க தங்கச்சி என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அரைச் சொம்புதான் கொடுத்தார். கிட்னிக்காரிக்குத் தண்ணீர் அளவு உண்டென்று யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தது, அழுகையில் சரியாக வரவில்லை.

"எனக்கும் அதுக்கப்பறம் தூக்கம் வரல. என்கிட்ட பொடி வாங்குனவங்க வூட்டுக்கெல்லாம் போயி, ஒடம்பு எப்படி இருக்குதுன்னு விசாரிச்சேன். பாதிப் பேரு கதவத் தொறக்கல. ஒங்க ரத்த டெஸ்டு சீட்ட நான் கேக்காமலே பொடி குடுத்தேனே, அது என் தப்புதானே? இப்ப சீட்டு பாக்காம யாருக்கும் குடுக்குறதில்ல. கிட்னி எறங்கியிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லிர்றேன்" என்றார்.

பிறகு ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு கேக்கணும். அந்த மண்ணு தின்னும்போது எப்படி இருந்துச்சு? தெரிஞ்சிக்கிட்டா இனிமே வர்றவங்ககிட்ட கேட்டு வச்சிக்கலாம்" என்றார்.

அத்தனை பேர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. சொன்னேன். நாக்கின் ஓரம் இழுப்பதைச் சொன்னேன். பல்லில் படும்போது ஒரு சின்ன நறநறப்பு, பிறகு கரைந்து மேலண்ணத்தில் பாலாடை மாதிரி ஒட்டுவது, தொண்டைக்குள் போகும் அந்தக் குளிர்ச்சி. சொல்லிக்கொண்டே போனேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் சுவரின் காரை பெயர்ந்திருந்தது. என் விரல் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தது. நகக்கண்ணெல்லாம் மண். வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது.

தேவராசு எழுந்து வாசலுக்குப் போனார். அன்றைக்கு முதல் முறையாக அவர் குரல் பழையபடி கேட்டது.

"டேய் ராமலிங்கம், உள்ள வாடா. நாளைக்கே தங்கச்சிக்கு ரத்தம் பாரு. கொறைஞ்சிருக்குது."

குறைந்துதான் இருந்தது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த செக்கப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை விட்டிருந்தால் மறுபடி கழுத்துக் குழாய்தான் என்று சொல்லி டாக்டர் உடனே இரும்புச் சத்து ஏற்றினார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டபோது, நான் சொல்வதற்கு முன் வீட்டுக்காரர் சொன்னார்: "எங்க ஊரு வைத்தியருங்க. என்கூடப் படிச்சவரு."

மறுநாள் வீட்டுக்காரர் மட்டும் மங்களூர் போனார். வண்டியின் பின்னால், கதவின் கீழ்ப்பாதி அளவுக்கு அறுத்த ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு போனார்.